வானமா, டவரா?

ஒருவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துவிட்டால், அவர் நன்றாக இருக்கிறார் என்றும் தெரிந்துவிடுமா? இந்தக் கேள்வியை எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால் ஒரு கையில் பற்றவைக்கும் கோலைப் பிடித்தபடி, மறுகைப் பெருவிரலால் செல்போன் திரையை இழுத்துவிட்டு, அதில் ஒரு பச்சைப் புள்ளி நகர்வதைக் கண்டபிறகே ஈயத்தை உருக்குகிற மனிதர் வேறு எந்தக் கேள்வியோடு வாழ முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. புள்ளி நகர்ந்தால் வேலை நகரும். புள்ளி ஒரு வளைவில் நின்றால் கோலும் அந்தரத்தில் நிற்கும்; அதன் நுனியிலிருந்து மெல்லிய புகை மட்டும் மேலே போகும்.

வண்டிகளில் வழிகாட்டும் கருவி பொருத்துவதும், வண்டி எங்கே போகிறது என்று வீட்டிலிருந்தே பார்ப்பதற்கான டிராக்கர் பொருத்துவதும், இரண்டும் முரண்டு பிடிக்கும்போது சரிசெய்வதும் அவர் தொழில். கார் நிறுத்தும் அடுக்குக் கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில், மேலே ஏறும் சரிவுப் பாதைக்கு அடியில் கடை. தலைக்கு மேல் தளம் தளமாகக் கான்கிரீட். ஒரு கார் ஏறும்போதெல்லாம் கூரை உறுமும், மேசையில் திருகாணிகள் நடுங்கும். சாட்டிலைட் சிக்னல் ஒரு துளிகூட எட்டிப்பார்க்காத இடம். சிக்னல் சரிசெய்கிற கடையை இங்கே போய் வைத்திருக்கிறீர்களே என்று கேட்காத வாடிக்கையாளர் கிடையாது. அவரிடம் பதில் தயாராக இருக்கும்: "நல்லா கிடைக்கிற இடத்துல எதுவும் வேலை செய்யும் சார். அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது." வேலை முடிந்ததும் கருவியை எடுத்துக்கொண்டு பக்கத்துத் திறந்த மைதானத்துக்குப் போவார். அங்கே அதை வானத்துக்குக் காட்டிவிட்டு, காய்ச்சல் பார்க்கிறவர் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு காத்திருப்பார்.

கடைக்குள் செல்போன் டவர் மட்டும் வாசல் ஓரத்தில் கொஞ்சம் கிடைக்கும். அந்த ஓரத்தில், பழைய பிஸ்கட் டப்பா ஒன்றின்மேல் சாய்த்து வைத்திருப்பார் செல்போனை. டப்பாவுக்குள் எந்தக் கருவிக்கும் சொந்தமில்லாத திருகாணிகள். டப்பாவின் மேல் அந்தப் பச்சைப் புள்ளி. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் புள்ளிக்காரர். நேரில் அப்படிக் கூப்பிட்டாலும் அவருக்குக் கோபம் வராது, காதில் விழுந்தால்தானே.

அவரை நல்ல தொழிலாளி என்று சட்டென்று சொல்லிவிட மாட்டேன். கை மெதுவானது. அவசரப்பட்டு டாஷ்போர்டைப் பெயர்த்து இரண்டு கிளிப்பை உடைத்துவிட்டு, "பழசு சார், எப்படியும் உடைஞ்சிருக்கும்" என்பார். ஆனால் நோய் கேட்கிற விதம் ஒழுங்காக இருக்கும். யார் வந்து "சிக்னல் போச்சு" என்றாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "வானம் போச்சா, டவர் போச்சா?"

இரண்டும் வேறு. சாட்டிலைட் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பதாக எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். அது யாரையும் பார்ப்பதில்லை. தன் நேரத்தையும் தன் இடத்தையும் மட்டும் சொல்லிக்கொண்டே சுற்றுகிறது. கீழே இருக்கிற கருவிதான் நான்கைந்து சாட்டிலைட்டுகளின் குரலைக் கேட்டு, எது எவ்வளவு தாமதமாக வந்தது என்று கணக்குப் போட்டு, தான் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்கிறது. தெரிந்துகொண்டதை வீட்டுக்குச் சொல்ல அதற்குள் ஒரு சிம் வேண்டும், பக்கத்தில் செல்போன் டவர் வேண்டும். கேட்பதற்கு வானம், சொல்வதற்கு டவர். எது போனாலும் நமக்குப் புள்ளி நின்றுபோனதாகத்தான் தெரியும்.

நான் முதலில் அவரிடம் போனது, என் காரில் இருந்த வழிகாட்டும் கருவி நான் போகாத தெருவில் என்னை ஓட்டிக்கொண்டிருந்ததால். நான் பெரிய சாலையில் போனால் அது என்னைப் பின்னால் உள்ள சந்தில் வைத்துத் திரும்பச் சொல்லும். இரண்டு பக்கமும் உயரமான கட்டடங்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். "கிணத்துக்குள்ள நின்னு கூப்பிட்டா எந்தப் பக்கத்துலேர்ந்து சத்தம் வருதுன்னு தெரியுமா? அதுக்கும் தெரியலை. செவத்துல அடிச்சு லேட்டா வர்ற குரலை நேரா வந்ததுன்னு நம்பிடுது." பிறகு என் கார் கண்ணாடியைத் தட்டிப் பார்த்து, வெயில் தடுக்க அதில் உலோகப் பூச்சுள்ள தாள் ஒட்டியிருப்பதைக் கண்டுபிடித்தார். நடுக்கண்ணாடிக்குப் பின்னால் பூச்சில்லாத ஒரு சின்ன இடத்துக்குக் கருவியை மாற்றச் சொன்னார். நாள்கணக்கில் அணைத்து வைத்திருந்தால் எடுத்த எடுப்பில் கிளம்பாமல், திறந்த வெளியில் சில நிமிஷம் சும்மா நிற்கச் சொன்னார். "தூங்கி எழுந்தவனை உடனே வழி கேட்டா என்ன சொல்லுவான்?"

இதையெல்லாம் சொல்லும்போதும் கண் டப்பாவின்மேல்தான் இருந்தது. அந்தப் புள்ளி அவர் மனைவி.

அவர் மனைவி வேன் ஓட்டுகிறாள். மலையில் சிதறிக் கிடக்கும் ஊர்களிலிருந்து சிறுநீரக நோயாளிகளை ஏற்றி வந்து ஆஸ்பத்திரியில் விட்டு, டயாலிசிஸ் முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் வீட்டு வாசலில் இறக்குகிற வேன். நோயாளிகளுக்கு அவள் வண்டிக்காரம்மா. பருத்த, நிதானமான பெண்மணி. பேச்சில் மிளகுத்தூள் போலக் கொஞ்சம் காரம் தூவிக்கொண்டே இருப்பாள். ஓட்டும்போது செல்போனை எடுப்பதில்லை என்று ஒரு விதி வைத்திருக்கிறாள். கைப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிடுவாள். அந்த விதிதான் புள்ளிக்காரரின் வாழ்க்கையில் பாதிப் பிரச்சினை.

மீதிப் பாதி அவருடைய அண்ணன். அண்ணன் மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். அந்த லாரியில் டிராக்கர் பொருத்தியது தம்பிதான். திருடர் கண்ணில் படக்கூடாது என்று டாஷ்போர்டுக்குள், இரும்புத் தகட்டுக்குப் பின்னால் மறைத்துவைத்தார். மலையில் மழை பிடித்த ஒரு நாள் புள்ளி ஒரு வளைவில் நின்றது. எல்லாரும் அந்த வளைவில் போய்ச் சரிவு சரிவாகத் தேடினார்கள். லாரி அங்கே இல்லை. ஈர மரங்களும் இரும்புத் தகடும் சேர்ந்து கருவியின் காதை அடைத்துவிட, அது கடைசியாகத் தெரிந்த இடத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. லாரி வெகுதூரம் தள்ளிப் போய்த்தான் உருண்டிருந்தது. மறுநாள் காலையில் சாலை வேலைக்காரர்கள் அண்ணனைக் கண்டுபிடித்தார்கள். உயிர் இருந்தது, வலது முழங்கால் இனி மடங்காது.

அண்ணன் இதை இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறார். கடைக்கு வந்து காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்து, "நான் எங்க விழுந்தேன்னு கேக்காம, அந்தப் பொட்டி என்ன சொல்லுதுன்னு கேட்டானுங்க. அதுக்கென்ன, அது சொகமா உள்ள உட்கார்ந்திருந்துச்சு" என்பார். தம்பி சிரிக்க மாட்டார். அந்த வகைக் கருவியை அவர் குறிப்பிடும் சொல் ஒன்று உண்டு: "தெரியலைன்னு சொல்லத் தெரியாத மெஷின்." அந்த மெஷினை அவர் வெறுக்கிறார் என்றுதான் நினைப்போம். மாறாக, அதற்குப் பிறகு அதை முன்னிலும் அதிகமாக நம்பத் தொடங்கினார். தப்பு பொருத்திய கையில்தான், பொருத்தப்பட்டதில் இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டார் போலும். குற்ற உணர்ச்சி ஒரு மனிதனைப் பொருளிடம் இன்னும் கெட்டியாகக் கட்டிப்போட முடியும் என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

ஆகவே மனைவியின் வேனில் எல்லாவற்றையும் முறையாகச் செய்தார். வழிகாட்டும் கருவி கண்ணாடிக்குக் கீழே. டிராக்கர் அதற்குப் பக்கத்தில், மேலே இரும்பு எதுவும் மறைக்காத இடத்தில். பிறகு ஓர் அவசர பட்டன். பிறகு பின்பக்கம் ஒரு கேமரா. மலைச்சாலையை விட்டு நகருக்குள்ளேயே ஓட்டும் வேலைக்கு மாறிக்கொள்ளச் சொல்லிப் பலமுறை கேட்டுப் பார்த்தார். மலையில் இருக்கிறவர்களை அப்புறம் யார் கூட்டி வருவது என்று அவள் கேட்டாள். அவர் முன்பக்கத்துக்கும் ஒரு கேமரா வாங்கினார்.

"உள்ள நான் உட்கார எடம் விட்டிருக்கீங்களே, பெரிய மனசு" என்றாள் அவள்.

காலையில் அவள் கிளம்பும் சடங்கை நான் பார்த்திருக்கிறேன். நோயாளிகளை ஏற்றப் போகும் வழியில் கடைக்கு முன்னால் வேன் நிற்கும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். அவர் டப்பாவின்மேல் குனிந்து, புள்ளி கடைவாசலில் முளைக்கும்வரை காத்திருப்பார். முளைத்ததும் பெருவிரலை உயர்த்திக் காட்டுவார். அதன்பிறகே அவள் கிளம்பலாம். சில நாள் புள்ளி அடம்பிடிக்கும். அவள் ஸ்டீரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதி முடித்துவிட்டு மணியடிக்கக் காத்திருக்கும் பிள்ளை போல அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருமுறை, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் இப்படி நின்றபோது, பின்னிருக்கையிலிருந்த வயதான தையல்காரர் தலையை வெளியே நீட்டி, "ஐயா, சாமி உத்தரவு குடுத்தாச்சா? நான் வீடு போய்ச் சேரணும்" என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அவர் நிமிராமல், "ஒரு நிமிஷம் பெரியவரே, நாலு சாட்டிலைட் வந்துடுச்சு, இன்னும் ஒண்ணு வரட்டும்" என்றார்.

ஒருநாள் காலையில் நல்ல மழை. பழுதுபார்க்கக் கொடுத்திருந்த என் கருவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போயிருந்தேன். அவர் அதை இன்னும் தொடவே இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோல் அந்தரத்தில் நின்றது. புள்ளி ஆற்றுப் பாலத்தின்மேல் நின்றிருந்தது.

திரையை இழுத்துவிட்டார். பாலம். மறுபடி இழுத்தார். பாலம். மனைவிக்குப் போன் போட்டார், அடித்துக்கொண்டே இருந்தது. கைப்பைக்குள் இருக்கும் என்று நான் சொன்னேன். தலையாட்டினார், அது அவருக்குத் தெரியாததல்ல. "வானமா, டவரா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். டவர் போகவில்லை, ஒவ்வொரு முறையும் புதிய நேரத்தோடு சேதி வந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் வானம். மலைக்காட்டில் நின்றிருந்தால் வானம் போயிருக்கிறது என்று பேசாமல் இருந்திருப்பார். ஆனால் பாலம்.

"பாலத்துக்கு மேல என்ன சார் இருக்கு? மரமா, கட்டடமா? வானம் மொத்தமா தொறந்து கெடக்கு. அங்க போகாது."

டவரும் இருக்கிறது, வானமும் இருக்கிறது என்றால் கருவி சொல்வது உண்மை. வேன் பாலத்தில்தான் நிற்கிறது. நிற்கக் காரணம் என்ன, போனை எடுக்காத காரணம் என்ன என்று அவர் தொழில் அறிவு ஒவ்வொரு படியாக அவரை இறக்கிக்கொண்டு போனது. ஒன்றும் தெரியாதவன் என்றால் மெஷின் கெட்டுப்போச்சு என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். அவருக்கு அந்த வசதி இல்லை. "தண்ணியில இருந்தா சேதியும் வராது" என்றார், கேட்காத கேள்விக்குப் பதிலாக. பிறகு ஷட்டரை இழுத்து மூடினார். அவருடைய ஸ்கூட்டரை அந்த மழையில் எடுக்க விட மனமில்லாமல் நான் என் காரில் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவர் சாலையைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புள்ளி நகரவில்லை.

பாலத்தில் வேன் இல்லை. ஒரு பாதி பழுதுபார்ப்பில் இருந்ததால், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வண்டிகளை மாற்றி மாற்றி விட்டுக்கொண்டிருந்தார்கள். கைப்பிடிச் சுவர் முழுசாக இருந்தது. கீழே கலங்கிய தண்ணீர் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது. அவர் காரிலிருந்து இறங்கி, நனைந்தபடி நடந்து, ஓரிடத்தில் நின்று திரையைச் சட்டையில் துடைத்துப் பார்த்தார்.

"இங்கதான் இருக்கா" என்றார்.

அந்த இடத்தில் ஈரச் சாலையைத் தவிர எதுவுமில்லை. இரண்டு எட்டு பின்னால் போனார், திரும்பி வந்தார், அவர் காலடியில்தான் புள்ளி. பிறகு சுவரைப் பிடித்துக் குனிந்து தண்ணீரைப் பார்த்தார். கொடி காட்டிக்கொண்டிருந்த தொழிலாளி பத்தடி தூரத்தில் நின்றிருந்தான். ஒரு வெள்ளை வேன் போனதா என்று அவனிடம் கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை. நான் கேட்டேன். "வண்டிக்காரம்மாதானே? அப்பவே போயிட்டாங்களே, கை காட்டிட்டுத்தான் போனாங்க" என்றான். அதை அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஆனால் கண் திரைக்கே திரும்பியது, அது என்ன சொல்கிறது என்று.

சிறிது நேரத்தில் போன் அடித்தது. அவள்தான். எல்லாரையும் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, பையைத் திறந்து, தவறிய அழைப்புகளைப் பார்த்திருக்கிறாள். எதற்கு இத்தனை தடவை கூப்பிட்டீர்கள் என்று கேட்டாள். அவள் குரல் எனக்கே கேட்டது: "இப்ப எங்க இருக்கீங்க?"

"பாலத்துல."

"எந்தப் பாலத்துல? மழையில அங்க என்ன வேலை? ஏங்க, உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

அவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, தண்ணீருக்கு முதுகைத் திருப்பிச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

நோயாளிகளுக்குச் சிகிச்சை முடியும்வரை அவளுக்கு ஓய்வு நேரம். அந்த நேரத்தில் வேனைக் கடைக்கு எடுத்து வந்தாள். அவர் உள்ளே விடவில்லை. மைதானத்தில் நிறுத்தச் சொன்னார். புள்ளி அப்போதும் பாலத்தில்தான் இருந்தது. ஏறிப் பார்த்தார். வழிகாட்டும் கருவியோ சிக்னல் தேடிக்கொண்டிருப்பதாக நேர்மையாக எழுதிக் காட்டியது. வழி மனப்பாடமான அவள் அதைக் கவனிக்கவில்லை. பாலத்தில் எதையாவது தொட்டாயா என்று கேட்டார். தையல்காரரின் செல்போனுக்குச் சார்ஜ் போடுவதற்காகக் காலையில் வீட்டிலேயே கேமரா வயரை உருவி வைத்திருந்ததாகவும், பாலத்தில் கொடிக்காக நின்றபோது செல்போனைக் கழற்றிவிட்டு முன்பக்கக் கேமராவின் வயரைத் திரும்பச் சொருகியதாகவும் சொன்னாள். "எப்பவும் போட்டே வைக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க."

அவர் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார். கேமரா முந்தின நாள் மாலை அவரே ஒட்டியது. அதன் வயரை அழகாகச் சுருட்டி டிராக்கருக்குப் பக்கத்திலேயே செருகியிருந்தார். இப்படிப்பட்ட மலிவுக் கேமராக்கள் ஓடும்போது கண்ணுக்குத் தெரியாமல் ஓர் இரைச்சலைப் போட்டுக்கொண்டே இருக்கும். அவ்வளவு தூரத்திலிருந்து மெலிந்து வருகிற சாட்டிலைட் குரல் அந்த இரைச்சலில் மூழ்கிப்போகும். சந்தைக்கு நடுவில் ரகசியம் பேசினால் கேட்குமா என்று வாடிக்கையாளர்களிடம் அவர் எத்தனையோ முறை சொன்ன விஷயம். கையை நீட்டிக் கேமராவின் வயரை உருவினார். கொஞ்ச நேரத்தில் புள்ளி ஒரே தாவலில் பாலத்திலிருந்து மைதானத்துக்கு வந்து விழுந்தது.

அவள் எட்டிப் பார்த்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன், போடவில்லை.

"நான் நின்னா பயப்படறீங்க, சரி. நான் ஓடிக்கிட்டிருக்கேன், அது நின்னாலும் பயப்படறீங்க. வளைவுல திரும்பறப்போ நான் ரோட்டைப் பாக்கணுமா, இது நிக்குதா ஓடுதான்னு பாக்கணுமா? பின்னால ஆறு பேர் உட்கார்ந்திருக்காங்க." பின்னிருக்கைகளைக் கைகாட்டிவிட்டு, "இன்னொரு தடவை இப்படி ஓடினா, மழையில வழுக்கி விழறது நீங்களாத்தான் இருப்பீங்க. அப்போ உங்களைத் தேட எங்கிட்ட எந்தப் புள்ளி இருக்கு?" என்றாள்.

அவர் மனதில் அப்போது மூன்று வழிகள் இருந்திருக்க வேண்டும். வேலையை விட்டுவிடு என்று இந்த முறை கண்டிப்பாகச் சொல்வது. கேமராவை ஒரு முழம் தள்ளி ஒட்டி, எப்போதும் போல இருப்பது. மூன்றாவது என்ன என்று எனக்கு அன்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் போனபோது வேன் மைதானத்தில் நின்றிருந்தது, அவர் கூரைமேல் படுத்திருந்தார். வழிகாட்டும் கருவிக்காக வெளியே ஓர் ஆன்டெனா பொருத்தி, வயரைக் கதவு ரப்பருக்குள் நுழைத்து, மழைத்தண்ணீர் இறங்காமல் பசை தடவிக்கொண்டிருந்தார். வழக்கத்தைவிட மெதுவாக. கிளிப் ஒன்றும் உடையவில்லை. முன்பக்கக் கேமராவைத் தூரமாக, கண்ணாடியின் மறுகோடிக்கு மாற்றியிருந்தார். கருவியை இயக்கியதும் சாட்டிலைட்டுகள் ஒவ்வொன்றாக வந்து வரிசை கட்டின. அத்தனை நல்ல வரிசையை அந்தக் கடையில் நான் கண்டதில்லை. அவள் எங்கே இருக்கிறாள் என்பது இனி எந்த மழையிலும் அவளுக்குத் தெரியும்.

பிறகு டிராக்கரின் மூடியைத் திறந்தார். நகத்தால் அழுத்தி, அதிலிருந்த சிம்மை வெளியே எடுத்தார். மூடியைத் திரும்பப் போட்டுத் திருகினார். வானத்தைக் கேட்கிறது என்பதற்கான சின்னப் பச்சை விளக்கு அதில் கண்சிமிட்டிக்கொண்டேதான் இருந்தது. அது கேட்டதைச் சொல்ல மட்டும் இனி ஆளில்லை. சிம்மை உள்ளங்கையில் வைத்துக் கடைக்கு நடந்து போய், பிஸ்கட் டப்பாவைத் திறந்து, சொந்தமில்லாத திருகாணிகளுக்கு நடுவே போட்டு மூடினார்.

ஏன் என்று பிற்பாடு இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். முதல்முறை, என் கார் கண்ணாடித் தாளை இன்னும் எடுக்கவில்லையா என்று கேட்டார். இரண்டாம்முறை காது கேட்காதவர் போலக் கோலைச் சூடாக்கினார். அண்ணனுக்கும் தெரியாது. அவளிடம் சொன்னாரா என்பதும் எனக்குத் தெரியாது.

அன்று அவள் வந்து வேனில் ஏறினாள். கைப்பையில் செல்போனைப் போட்டு ஜிப்பை மூடினாள். எஞ்சினைக் கிளப்பிவிட்டு, வழக்கம்போல இரண்டு கையையும் ஸ்டீரிங்கில் வைத்துக்கொண்டு, அவர் பெருவிரலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் டப்பாவின் பக்கம் போகவில்லை. வேனின் பக்கவாட்டுக்கு வந்து நின்றார். கண்டக்டர்கள் தட்டுவார்களே, அப்படித் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.